மறைத்த காசும் இன்னொருவர் சுமக்கும் பெயரும்: ஒரு வாசகருக்குப் பதில்

வன்னியில் ஏ9 வீதிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். ஊர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டதால் அதை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"போதகர் ஐயா, மீள்குடியேறி வந்த பிறகு எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்தேன். 2013இல், சுழற்சிக் கடன் எடுத்திருந்த ஒரு அக்கா மிச்சக் காசு 38,000 ரூபாயையும் ஒரேயடியாக என் கையில் கொண்டுவந்து கட்டினார். பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டது, பிறகு தருகிறேன் என்றேன். வீட்டுத்திட்டக் காசு போதாமல் எங்கள் வீடு கூரை ஏறாமல் நின்ற நேரம் அது. காசை அதில் போட்டேன். திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், வைக்கவில்லை. புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே நிலுவை என்றே கிடந்தது. பொதுக்கூட்டத்தில் அவர் கட்டிவிட்டேன் என்று அழுதார். சீட்டு இல்லாததால் யாரும் நம்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சங்கம் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை. அவர் வீட்டுப் பக்கத்துக் குறுக்குப் பாதையால் நான் இன்றுவரை போவதில்லை. பிறகு இரட்சிக்கப்பட்டேன், கர்த்தரிடம் அழுது அறிக்கையும் செய்துவிட்டேன். இப்போது சபையில் கட்டட நிதிக்குப் பொறுப்பாக இருக்கச் சொல்கிறார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம். போன வருடம் மகன் மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்தது, இதுதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் காசை யாருக்கும் தெரியாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டால் போதாதா? சொல்லத்தான் வேண்டுமா?"

சொல்லத்தான் வேண்டும். முதலில் அந்த அக்காவிடம்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அதில் காசைப் பற்றி நிறைய இருக்கிறது, உங்கள் பயத்தைப் பற்றியும் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எல்லோருக்கும் முன்னால் பொய்காரியாக உட்கார்ந்தாரே, அது ஒரே வரியில் முடிந்துவிட்டது. நீங்கள் அதை 2013இல் நடந்து முடிந்த ஒன்றாக நினைக்கிறீர்கள். அது முடியவே இல்லை. கடன் கட்டாதவர் என்ற பெயரோடு அவர் இன்றைக்கும் அதே ஊரில்தான் இருக்கிறார், அதே கடைக்குத்தான் போகிறார், அவருடைய பிள்ளைகளும் அந்தப் பெயரோடுதான் வளர்ந்திருக்கிறார்கள். மறைந்த பாவத்தின் விளைவு எப்போது வரும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். அது வந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது, உங்கள் வீட்டுக்கு வராமல் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது.

சங்கம் கதவடைத்த பிறகு அவர் எங்கே கடன் கேட்டிருப்பார் என்று யோசித்தீர்களா? அந்த ஆண்டுகளில் வன்னியில் ஊர்ச் சங்கத்தில் கடன் கிடைக்காத பெண்கள் எங்கே போனார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நுண்கடன் கம்பனிக்காரர் வாராவாரம் படலையில் வந்து நின்றார்கள், ஒரு கடனைக் கட்டப் பெண்கள் இன்னொரு கடன் எடுத்தார்கள், தோடும் சங்கிலியும் அடகு கடைக்குப் போனது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அந்த நிலைமை போயிருந்தது. இந்த அக்காவும் அந்த வழியில் போனாரா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தப் பாதையால் போவதையே நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

"உங்கள் பாவம் உங்களைத் தொடர்ந்து பிடிக்கும் என்று நிச்சயமாய் அறியுங்கள்" என்ற வசனத்தைப் (எண்ணாகமம் 32:23) பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள், பெரும்பாலும் பயமுறுத்தத்தான் அதைச் சொல்வார்கள். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். ரூபன், காத் கோத்திரத்தார் தங்களுக்கு யோர்தானுக்கு இக்கரையிலேயே நல்ல மேய்ச்சல் நிலம் கிடைத்துவிட்டதால் இங்கேயே இருந்துவிடுகிறோம் என்கிறார்கள், ஆனாலும் மற்றச் சகோதரர்களுக்கு நிலம் கிடைக்கும்வரை கூடவே வந்து யுத்தம் பண்ணுவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கை மீறினால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் மோசே இதைச் சொல்கிறார். ஊரோடு சேர்ந்து ஒரு பொறுப்பை ஏற்றுவிட்டு, தன் வீடு வளவு சரிவந்ததும் கூட இருந்தவனைக் கைவிடுகிற பாவம் அது. எல்லாவற்றையும் இழந்து கிடுகுக் கொட்டிலில் இருந்து தொடங்கிய சனம் தங்களுக்குள் ஒருவரை நம்பிப் பொருளாளராக வைத்தது. அதனால்தான் இந்த வசனம் உங்கள் காரியத்துக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

யோசேப்பின் சகோதரரையும் நினைத்துப் பாருங்கள். தம்பியை விற்றார்கள், அங்கியை இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் காட்டினார்கள், அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவரும் அவர்களைக் குற்றம் சாட்டவும் இல்லை. ஆனால் எகிப்தில் தானியம் வாங்கப் போன இடத்தில் ஒரு சிக்கல் வந்த உடனே, கேட்பாரில்லாமலே, "நம்முடைய சகோதரனுக்கு நாம் செய்த துரோகம் நம்மேல் சுமந்தது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள் (ஆதியாகமம் 42:21). அவன் கெஞ்சியது இன்னும் அவர்கள் காதில் இருக்கிறது. நீங்களும் அந்தக் கூட்டத்து அழுகையை மறக்கவில்லை, மறந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த இருபது வருடமும் வீட்டில் யாக்கோபு ஆறுதல் பெறாமல் துக்கித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். உண்மை தெரிந்த பத்துப் பேர் அதே வீட்டில் அவரோடு சாப்பிட்டார்கள்.

மகனுடைய கால் முறிந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. 2009க்குப் பிறகு, முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்து வந்த தாய்மாரிடம், உங்கள் பாவத்துக்குத்தான் இப்படி நடந்தது என்று சொன்னவர்கள் உண்டு. வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. அதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று இயேசுவே கேட்டார், அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை" என்று எசேக்கியேல் 18 சொல்கிறது. தாவீது ராஜா செய்த பாவத்துக்காக அவருடைய பிள்ளை இறந்ததே என்று கேட்பீர்கள். அங்கே நாத்தான் தீர்க்கதரிசி வந்து கர்த்தரின் வார்த்தையாக அதைச் சொன்னார், அப்படி ஒருவரும் உங்களிடம் வந்து சொல்லவில்லை. வீதியில் விழுந்து கால் முறிகிற பிள்ளைகள் நல்லவர்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். இந்தப் பயத்தை மகன் தலையில் கட்டாதீர்கள், அவனுக்குத் தெரிந்தால் அதையும் அவன் சுமப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. விபத்தைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டால், தண்டனை கிடைத்துவிட்டது, கணக்கு முடிந்தது என்று மனம் மெதுவாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த அக்காவின் கணக்கு அப்படியே கிடக்கும்.

சரி, தேவன் மன்னித்துவிட்டாரே, பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்று 1 யோவான் 1:9 இருக்கிறதே என்பது உங்கள் அடுத்த கேள்வி. மனம் உடைந்து அறிக்கை செய்தவனை அவர் தள்ளுவதில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே கர்த்தர்தான் லேவியராகமம் 6இல், அயலானை ஏமாற்றி எடுத்தவன் முழு முதலையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, அதற்கு உரியவன் கையில் கொடுக்க வேண்டும் என்கிறார். பலி செலுத்துவது அதற்குப் பிறகுதான் வருகிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கப்போன இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் அதே ஒழுங்குதான் (மத்தேயு 5:23, 24). வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார். கத்தோலிக்கச் சகோதரர்களிடமும் இதே வழக்கம்தான், பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்தாலும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போகாது என்றே அவர்கள் திருச்சபையும் போதிக்கிறது.

அதனால் காணிக்கைப் பெட்டி வேண்டாம். எண்ணாகமம் 5இல், நட்டப்பட்டவனுக்கு வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால்தான் அந்தக் காசு ஆசாரியனுக்குப் போகிறது. இங்கே உரியவர் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். பெயரில்லாத உறையில் போட்டு அவர் படலையில் வைப்பதும் வேண்டாம். காசு கிடைக்கும், பெயர் திரும்பாது. எங்கள் சபைகளில் உள்ள சாட்சி சொல்லும் பழக்கத்தை நினைத்தும் பயப்படுகிறேன், மேடையில் ஏறி நான் பெரிய பாவி என்று அழுதுவிட்டால் சபை கைதட்டி அணைத்துக்கொள்ளும், ஏமாற்றப்பட்டவர் கடைசி வாங்கில் கூட இருக்க மாட்டார். அவருக்குத் தெரிவதற்கு முன்னால் வேறு ஒருவரும் உங்கள் வாயால் இதைக் கேட்கக் கூடாது, உங்கள் மனைவியைத் தவிர. மனைவிக்கு இன்றைக்கே சொல்லுங்கள், அந்தக் கூரைக்குக் கீழ் அவரும்தானே இருக்கிறார்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள், மனைவியையோ, அந்த அக்கா மதிக்கிற ஒரு மூத்தவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். பின்னேரம் சனம் கூடும் நேரத்தில் போகாமல் அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுப் போங்கள். அக்கா, நீங்கள் காசைக் கட்டினீர்கள், நான்தான் எடுத்தேன், கூட்டத்தில் நீங்கள் சொன்னது உண்மை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று நேராகச் சொல்லுங்கள். வீட்டுத்திட்டக் காசு போதாத கதையைச் சொல்ல வேண்டாம். அந்தத் திட்டத்தின் ஐந்தரை இலட்சத்தைக் கட்டங் கட்டமாக வாங்கி வீடு கட்டி முடிக்க அந்த நேரம் எத்தனை பேர் கடன்பட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், ஒருவேளை அவருடைய வீடும் அப்படித்தான் நின்றிருக்கும். மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்வரை அங்கே உட்கார்ந்து நெருக்காதீர்கள். அவர் ஏசலாம், கதவைச் சாத்தலாம், ஊரைக் கூட்டலாம். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

காசைக் கையோடு கொண்டு போங்கள். 38,000ஐ மட்டும் கொடுத்தால் அது இன்னொரு அநியாயம். 2013இல் ஒரு அமெரிக்க டொலர் 130 ரூபாய் அளவில் இருந்தது, 2022 நெருக்கடிக்குப் பிறகு 300 ரூபாய் அளவில் நிற்கிறது. அதை வைத்துப் பார்த்தாலே முதல் 87,000க்கு மேல் வரும், ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் ஒரு இலட்சத்தைத் தாண்டும். ஒரு இலட்சத்துக்குக் குறையாமல் கொடுங்கள், அதற்கு மேல் அவர் பட்ட நட்டத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் முழுதாக இல்லாவிட்டால் பாதியைக் கொடுத்து மிச்சத்துக்குத் திகதி எழுதிக் கொடுங்கள். மகளின் கலியாணச் செலவைக் குறைத்தாவது.

அப்புறம் புத்தகம். சங்கத்தின் இப்போதைய நிர்வாகத்திடம் போய் அந்த நிலுவைப் பதிவு பிழை என்று சொல்லி, பொதுக்கூட்டத்தில் அறிவித்து, கூட்ட அறிக்கையில் எழுதச் செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் உள்ள கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் தெரியப்படுத்த வேண்டும். எந்த இடத்தில் அவர் பெயர் கெட்டதோ அந்த இடத்தில்தான் அது திரும்ப வேண்டும். அவர் சம்மதித்த பிறகே இதைச் செய்யுங்கள். சில பேர் பழையதைத் திரும்பக் கிளற விரும்ப மாட்டார்கள், அதை அவரே தீர்மானிக்கட்டும்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பொறுப்பில் ஒப்படைத்த காசை எடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவில் சொல்லப்படும் நம்பிக்கை மோசடி. இப்படியான குற்றங்களுக்கு 20 வருடம்வரை வழக்குத் தொடர இலங்கைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதனால் உங்களுடையது காலாவதியாகவில்லை. காசைத் திருப்பிக் கொடுப்பதால் குற்றம் இல்லாமல் போகாது. எழுத்தில் எதையும் கொடுப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கதையுங்கள், வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் சட்டத்தரணியைப் பார்ப்பதைச் சாக்காக வைத்து அந்த அக்காவிடம் போவதை மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

மகளுக்கும் நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் வாயால் போவதற்கு முன்னால். கலியாணம் குழம்பலாம், குழம்பாமலும் போகலாம், எதற்கும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. தாலி ஏறிய பிறகு தெரிய வந்தால், மகள் அந்த வீட்டில் எப்படி நிமிர்ந்து நிற்பாள் என்று மட்டும் யோசியுங்கள்.

சபையின் கட்டட நிதிப் பொறுப்பை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மறுத்துவிடுங்கள். வேலை அதிகம், சுகமில்லை என்று பொய்க் காரணம் சொல்ல வேண்டாம், சபை மூப்பரிடம், காசு விஷயத்தில் நான் சரிசெய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அது முடியும்வரை வேறு ஆளைப் போடுங்கள் என்றால் போதும். உங்கள் போதகருக்கு, அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு முழுவதையும் சொல்லுங்கள். போய்வந்து எனக்கும் எழுதுங்கள், அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் எழுதுங்கள்.