எச்சரிக்கை விளக்கை அணைப்பது பழுதுபார்ப்பு அல்ல

நண்பரே, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஸ்போர்ட்ஸ் கார் காலாப்பட்டு அருகே மூன்றாம் கியரிலேயே சிக்கிக்கொண்டது, சென்னை டீலர் எச்சரிக்கை விளக்கை அணைத்து 'கோளாறு இல்லை' என்று திருப்பி அனுப்பினார், இப்போது மீண்டும் அதே நிலை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கோபம் வருகிறது.

உங்கள் காரில் இருப்பதுபோன்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் (இரண்டு கிளட்ச்களைக் கொண்டு தானே கியர் மாற்றுவது) ஒரே கியரில் நின்றுவிடுவது பெரும்பாலும் தற்காப்பு. ஆயில் அழுத்தம் குறைந்தாலோ, கிளட்ச் அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, சென்சார் தவறான தகவல் தந்தாலோ வண்டியின் கணினி அப்படிச் செய்யும். அப்போது கணினியில் கோளாறுக் குறியீட்டுடன் அந்நேரத்து வேகம், வெப்பநிலை முதலியவையும் பொதுவாகப் பதிவாகும். விளக்கை அணைக்கக் குறியீட்டை அழித்தால் அவையும் போய்விடும். எனவே இம்முறை அழிப்பதற்கு முன்பே அந்தப் பதிவின் அச்சுப்பிரதி கேட்டு வாங்குங்கள். வண்டியைப் பழுதுபார்க்க எடுக்கும்போது டீலர் எழுதும் ஜாப் கார்டில் புகாரை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம்.

தயவுசெய்து சென்னைவரை ஓட்டிச் செல்லாதீர்கள். பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகவும் விடாதீர்கள், கியர்பாக்ஸ் மேலும் கெடும். நான்கு சக்கரங்களும் மேலே நிற்கும்படி லாரியில் ஏற்றட்டும்.

டீலர் மீண்டும் மழுப்பினால் உற்பத்தியாளருக்கு எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடிவரை மாநில ஆணையம். குறைபாட்டைக் கண்டறிய ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை மனுவிலேயே கேளுங்கள்.