கேட்டீங்க, சொல்றோம்: சமையல் கழிவுல பயோகேஸ்

கேள்வி: சின்னதா ஒரு மெஸ் நடத்துறேன். மிச்ச சோறு, காய்கறித் தோல்னு தினம் 10 கிலோ சேருது. பயோகேஸ் டேங்க் போட்டா இனிமே சிலிண்டரே வாங்க வேணாம்னு விக்க வந்தவர் அடிச்சு சொல்றாரு. நம்பலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சிலிண்டரே வேணாம்ங்கிறது ரொம்ப ஓவர். ஈரக் கழிவு ஒரு கிலோவுக்கு சுமாரா 100 லிட்டர் கேஸ் கிடைக்கும், சோறு ஜாஸ்தின்னா இன்னும் கூட வரும், வெறும் கீரைத்தண்டும் தர்பூசணித் தோலும்னா கம்மிதான், அதுல முக்காவாசிக்கு மேல தண்ணிதானே. அப்போ 10 கிலோவுக்கு ஒரு கன மீட்டர்னு வெச்சுக்கோங்க. இதுல எரியுறது மீத்தேன் மட்டும்தான், அது 55-60 சதவீதம் இருந்தாலே பெருசு, மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதனால ஒரு கன மீட்டர்ங்கிறது 400, 450 கிராம் எல்பிஜிக்குத்தான் சமம். மாசத்துக்கு 12, 13 கிலோ, அதாவது உங்க 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்ல முக்காலுக்கும் கொஞ்சம் கம்மி.

டீ, பால் காய்ச்சுற அடுப்பை இதுக்கு மாத்திடலாம், சோறு வடிக்கிற பெரிய அடுப்புக்கு சிலிண்டர்தான். பயோகேஸ் அடுப்பு தனியா வாங்கணும், சாதா அடுப்போட ஜெட் ஓட்டை இந்த கம்மி பிரஷருக்குப் பத்தாது. விக்கிறவங்க எல்லாரும் கேஸ் கணக்கை மட்டும் சொல்லி ஸ்லரியை, அதாவது டேங்க்ல இருந்து வெளிய வர்ற உரக் கரைசலை, ஏதோ இலவச இணைப்பு மாதிரி சொல்லிட்டுப் போயிடுறாங்க. என்னைக் கேட்டா நிலம் வெச்சிருக்கிறவருக்கு ஸ்லரிதான் அசல் வரும்படி, கேஸ் கொசுறு.

கேள்வி: டேங்க் மாட்டி ஒரு மாசம் ஆச்சு. கேஸ் சேர்ற ட்ரம் நல்லா மேல எழும்புது, ஆனா பத்த வெச்சா எரியல, புளிச்ச நாத்தம் வேற வருது. ஒரு விசேஷத்துல மிஞ்சின சோத்தை எல்லாம் கொட்டினதுக்கு அப்புறம்தான் இப்படி. (வாசகி, ஈரோடு)

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிட்டீங்க. உள்ள ரெண்டு கோஷ்டி கிருமிங்க வேலை பாக்குது. முதல் கோஷ்டி சோத்தையும் காயையும் உடைச்சு ஆசிட் ஆக்கும், அதுங்க படு வேகம். ரெண்டாவது கோஷ்டி அந்த ஆசிட்ல இருந்து வர்றதை வெச்சு மீத்தேன் பண்ணும், அதுங்க ரொம்ப மெதுவாதான் பெருகும், ஆசிட் ஏறினா அப்படியே படுத்துடும். விசேஷ சோறு மொத்தமா விழுந்ததும் முதல் கோஷ்டி புகுந்து விளையாடிடுச்சு, இப்போ ட்ரம்மைத் தூக்குறது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அது எப்படிங்க எரியும்?

ஒரு வாரம், பத்து நாள் எதையும் போடாதீங்க. புது சாணி ரெண்டு மூணு வாளி கரைச்சு ஊத்துங்க, மீத்தேன் பண்ற கிருமி மாட்டு வயித்துலயே இருக்கு, அதான் சாணி. இருக்கிற கேஸை நெருப்பு பக்கத்துல இல்லாம வெளிய விட்டுடுங்க. பிஎச் பேப்பர் வாங்கி அவுட்லெட் தண்ணில வெச்சுப் பாருங்க, 6.8-ல இருந்து 7.5 வரைக்கும் நல்லது, 6.5-க்கு கீழன்னா சுண்ணாம்புத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விடலாம். நீலமா எரிய ஆரம்பிச்சதும் அரைக் கிலோல தொடங்கி மெல்ல ஏத்துங்க. எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார் இதெல்லாம் உள்ளயே கிடக்கும், எலுமிச்சைத் தோல் நிறைய வேணாம், பினாயில் கலந்த தண்ணி மட்டும் போயிடவே கூடாது.

கேள்வி: ஸ்லரியை அப்படியே மாடித் தோட்டத்துல கத்தரிக்கு ஊத்தினேன், இலை ஓரம் எல்லாம் கருகிடுச்சு. இது உரமே இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: உரம்தான், வீரியம் ஜாஸ்தி. மூடின டேங்க்ல நைட்ரஜன் அவ்வளவா எங்கயும் போகாது, அதுல பெரும் பங்கு அமோனியமா மாறி நிக்கும். திறந்து போட்ட குப்பைன்னா கணிசமா அமோனியாவா காத்துல போயிடும். செடி அமோனியத்தை சட்டுன்னு எடுத்துக்கும், ஆனா நேரா ஊத்தினா வேர் தாங்காது, அதோட சாம்பார் ரசத்துல இருக்கிற உப்பும் சேர்ந்துக்கும். ஒண்ணுக்கு அஞ்சு, பத்து பங்கு தண்ணி கலந்து சாயங்காலமா மண்ணுல ஊத்துங்க, இலை மேல வேணாம். மிஞ்சினதைக் காஞ்ச சருகு மேல ஊத்தி மக்க வெச்சீங்கன்னா தொட்டிக்கு அது இன்னும் சாது.

கேள்வி: இதெல்லாம் வீட்டோட சரி, ஒரு ஊர் குப்பைக்கே செய்ய முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இந்தூர்ல செய்யுறாங்களே. 2022 பிப்ரவரில தொடங்கின பிளான்ட், தினம் 550 டன் ஈரக் குப்பை வாங்குற அளவு, 17,000 கிலோ சிஎன்ஜியும் 100 டன் உரமும் எடுக்கலாம்னு கணக்கு, சிட்டி பஸ்ஸே அந்த கேஸ்ல ஓடுது. மெஷினை யார் வேணா வாங்கலாம். அங்க வீட்டு வாசல்லயே ஈரம் தனி, காஞ்சது தனின்னு வாங்குறாங்க பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு. பிளாஸ்டிக் கவரோட டேங்க்குக்குப் போனா பம்ப் அடைச்சு நாலு நாள்ல பூட்டுதான்.

கேள்வி: வெடிக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பிரஷர் ரொம்பக் கம்மி, வீட்டு டேங்க் தானா வெடிக்காது. ஆனா மூடின ரூம்ல லீக் ஆகி தேங்கினா ஆபத்து, மொட்டை மாடி, கொல்லைப்புறம்னு காத்தோட்டமான இடத்துல வைங்க. டியூப்ல லீக் பாக்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி வேணாம். பெரிய குழி டேங்க்னா சுத்தம் பண்ண யாரையும் உள்ள இறக்காதீங்க, அழுகின முட்டை வாசம் வருதே, ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு, அது அதிகமானா மூக்குக்கே தெரியாது.