"வேண்டாம்" என்று சொல்லப் பழக்குவது எப்படி? ஓர் ஆசிரியையின் பதில்கள்

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவனின் தாய், திண்டுக்கல்): மகனுடைய பள்ளியில் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அது போதுமா?

போதாதம்மா. காலையில் கையை நீட்டி வாசித்த வரி, மாலையில் நண்பன் பொட்டலத்தை நீட்டும்போது நாவுக்கு வராது. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'டேர்' (D.A.R.E.) என்ற பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டத்தில் சீருடைக் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆனால் அந்த வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் காட்டின. பிறகு பாடத்தையே மாற்றினார்கள்: மறுப்பது, காரணம் சொல்வது, தவிர்ப்பது, அங்கிருந்து விலகுவது.

நான் இதை நடிக்க வைக்கிறேன். ஒருவன் வற்புறுத்துவான், இன்னொருவன் மறுக்க வேண்டும். "நாளைக்கு ஓட்டப்பந்தயம், எனக்கு வேண்டாம்" என்று சொந்தச் சொற்களில். முதல்முறை சிரிப்பார்கள். நான்காம் முறை குரல் உறுதிப்பட்டுவிடும். வீட்டில் வற்புறுத்தும் நண்பனாக நீங்களே நடியுங்கள்.

கேள்வி (தந்தை, சேலம்): மகன் பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. கோபத்தில் அடித்துவிட்டேன்.

அடித்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள், ஐயா. அடி வாங்கிய பிள்ளை ஒளித்துவைக்கத்தான் கற்றுக்கொள்கிறான். யார் கொடுத்தது என்று நிதானமாகக் கேளுங்கள். விட முடியவில்லை என்றால் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

கேள்வி (பெற்றோர் ஒருவர், கடலூர்): பள்ளி எதிரே உள்ள பெட்டிக்கடையில் சிறுவர்களுக்கே விற்கிறார்கள்.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதே குற்றம். சிறுவர்களுக்குக் கொடுத்தால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி (ஆசிரியர், தூத்துக்குடி): மாணவர்களின் கையிலுள்ள சாதிக் கயிறுகளை அவிழ்க்கச் சொன்னால் அடிதடி குறையுமா?

அவிழ்க்கத்தான் வேண்டும். மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்கத் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழுவும் 2024இல் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்தக் குழு ஏன் அமைந்தது என்பதை மறக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியின் பெயரால் துன்புறுத்தப்பட்ட மாணவன் பள்ளியில் சொன்னான். அன்றிரவே சக மாணவர்கள் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. வாய் திறந்து சொன்ன பிள்ளைக்கு அன்றிரவு யார் காவல்? புகார் சொல்லும் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துக் கேட்கிறேன். பெயரை வகுப்பில் உச்சரிப்பதில்லை. அன்று மாலை அவன் வீடு சேரும்வரை பெரியவர் ஒருவர் உடன் செல்கிறார்.