நோட்டீஸ் வந்த பிறகு விற்ற அந்த மூன்று செட்

கேள்வி (ஈரோட்டிலிருந்து வந்த நீண்ட மடலின் சுருக்கம்): பழைய கேம் பாய் அட்வான்ஸில் செருகும் நிண்டெண்டோ ஈ-ரீடரையும் அதற்கான அட்டைகளையும் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். அட்டை ஓரத்தில் உள்ள புள்ளிக்கோட்டைக் கருவியில் இழுத்தால் குட்டி விளையாட்டு திறக்கும். என்னிடம் உள்ள 'மேன்ஹோல்-ஈ' உட்பட சில அட்டைகளின் கோட்டை மட்டும் ஸ்கேன் செய்து, தடித்த தாளில் அச்சடித்து, செட் 350 ரூபாய்க்கு இன்ஸ்டாகிராமில் விற்றேன். படமோ லோகோவோ போடவில்லை. அட்டை வெறும் சாவிதானே? இப்போது உரிமையாளர் தரப்பில் டெல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டுமாம், 4 லட்சம் நஷ்ட ஈடும் தர வேண்டுமாம். எங்கள் சேகரிப்பாளர் குழுவில் ஒருவர் பொறாமையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். நோட்டீஸ் வந்த பிறகு, கையிருப்பில் இருந்த மூன்று செட்டையும் விற்றுத் தள்ளிவிட்டு, விற்பதையும் நிறுத்திவிட்டேன். கம்பெனியே கைவிட்ட பொருளுக்கு இது நியாயமா சார்?

பதில்:

போட்டுக் கொடுத்தவரைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் தாண்டிவிட்டேன். அவர் பொறாமையில் செய்தாரா, பொழுது போகாமல் செய்தாரா என்று எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. கம்பெனி கைவிட்ட கதையும் அப்படித்தான். ஈ-ரீடர் ஜப்பானில் 2001 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2002 செப்டம்பரிலும் வந்தது, அமெரிக்காவில் 2004லேயே அதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள், எல்லாம் சரி. கடையில் கிடைக்காத பொருளுக்கும் பதிப்புரிமை ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாட்டின் பதிப்புரிமையை மற்ற நாடுகளும் மதிக்க வேண்டும் என்கிற பெர்ன் உடன்படிக்கையில் ஜப்பானும் இருப்பதால் அந்த உரிமை இங்கேயும் செல்லும்.

சட்டம் காது கொடுக்கக்கூடிய ஒரே இடம், அந்த 'வெறும் சாவிதானே' என்ற வரி. விளையாட்டு எங்கே இருக்கிறது, கருவிக்குள்ளா கோட்டுக்குள்ளா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் ஒரு பொருளையோ கடிதத்தையோ வரவழைக்கிற அட்டைகள் உண்டு, அனிமல் கிராசிங் அட்டைகள் அந்த ரகம், அவற்றுக்கு உங்கள் வாதத்தைக் கொஞ்ச தூரம் இழுக்கலாம். ஆனால் நீங்கள் விற்றது மேன்ஹோல்-ஈ. 1981இல் கேம் அண்ட் வாட்ச் கைக்கருவியாக வந்த விளையாட்டு அது. குழிகளில் ஆள் விழாமல் மூடியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒலிம்பஸ் உருவாக்கிய அந்தப் புள்ளிக்கோட்டில் நீளமானது சுமார் 2.2 கிலோபைட் பிடிக்கும், குட்டையானது 1.4. அந்தச் சின்ன விளையாட்டு கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. டாங்கி காங் ஜூனியருக்கு ஐந்து அட்டைகளை வரிசையாக இழுக்க வேண்டியிருப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். சாவி என்றால் ஒன்று போதுமே. அட்டை அட்டையாக விளையாட்டே உள்ளே ஏறுகிறது, எதிர்த்தரப்பு வக்கீல் இதை நீதிபதிக்கு விளக்க இரண்டு நிமிடம் போதும்.

கணினி நிரல் நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு. அதனால் படத்தையும் லோகோவையும் விட்டுவிட்டு, அதிகம் பாதுகாக்கப்பட்ட பாகத்தை மட்டும் சுத்தமாக நகலெடுத்து விற்றிருக்கிறீர்கள். டிரேட்மார்க் பக்கம் ஓரளவு தப்பலாம், விற்பனைப் பதிவில் பெயரைப் பெரிதாகப் போடாமல் இருந்திருந்தால் (போட்டிருப்பீர்கள்). 'என் சொந்த அட்டை, பாதுகாக்க நகலெடுத்தேன்' என்று 52(1)(ஏஏ) பிரிவைப் பிடிப்பது, வீட்டில் வைத்துக்கொள்ளும் நகலுக்குத்தான் ஆகும். 350 ரூபாய் வாங்கியதுமே அது கைவிட்டுப் போனது.

இனி, மடலின் கடைசியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த மூன்று செட். எனக்குக் கவலை அதில்தான். நோட்டீஸ் வருவதற்கு முன் விற்றதற்கு 'உரிமை இருப்பது தெரியாது, பழைய சாமான் என்று நினைத்தேன்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம், பலவீனமான பேச்சுதான், ஆனாலும் பேச்சு. 63ஆம் பிரிவில் குற்றத்தின் உயிரே 'தெரிந்தே செய்தல்'. நோட்டீஸைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு விற்ற ஒவ்வொரு செட்டும் தெரிந்தே விற்றது. தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருடம், அபராதம் 50,000 முதல் 2 லட்சம். இது போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. முன்ஜாமீன் வாங்கலாம்தான், ஆனால் எஃப்ஐஆர் விழுந்த பிறகு இரு தரப்பும் சமாதானம் ஆனாலும் கீழ்க் கோர்ட்டில் ராஜியாக முடிக்க வழியில்லை, ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

அந்த மூன்றில் ஏதாவது டெல்லி முகவரிக்குப் போனதா? கூரியர் ரசீதை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சில நாள் கழித்து வேறு பெயரில் ஒரு செட் ஆர்டர் செய்து பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கமான வேலை. அது ஒன்று கிடைத்தால் வழக்குக்கான காரணம் டெல்லியிலேயே எழுந்தது என்று சொல்லி அங்கேயே தாக்கல் செய்வார்கள். அவசரத் தடை கேட்டால் வணிக வழக்கில் முன்கூட்டிய சமரசப் பேச்சும் தேவையில்லை. உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வரும், கூடவே கோர்ட் நியமிக்கும் லோக்கல் கமிஷனர் ஒருவர் உள்ளூர் போலீஸோடு காலையில் வீட்டு வாசலில் நிற்பார், பிரிண்டர், கம்ப்யூட்டர், ஸ்கேனர் எல்லாம் சீல். அந்தக் கம்ப்யூட்டரில்தான் மனைவியின் ஆபீஸ் வேலையும் பிள்ளையின் ப்ராஜெக்டும் இருக்கும். கட்சிக்காரர்கள் உடைந்து போவது அந்தக் காலையில்தான், தீர்ப்பு நாளில் இல்லை. அப்புறம் டெல்லி வக்கீல் ஃபீஸ். நீங்கள் மொத்தமாகச் சம்பாதித்தது ஒரு வாய்தாவுக்குக்கூடக் காணாது.

ஆகவே சமரசம் பேசுங்கள். ஜெயிக்க முடியுமா என்று கேட்காதீர்கள்.

நோட்டீஸுக்கு நீங்களே பதில் எழுத வேண்டாம். 'கொஞ்சம்தான் விற்றேன், மன்னித்துவிடுங்கள்' என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு மெயில் தட்டி, அதுவே வழக்கில் முதல் ஆவணமாக வந்து நின்ற கதைகளை நிறையப் பார்த்துவிட்டேன். விற்பனைப் பதிவுகளை இன்றே இறக்குங்கள், ஆனால் அழிக்க வேண்டாம், ஆர்க்கைவ் செய்தால் போதும். வாடிக்கையாளரோடு பேசிய சாட், யூபிஐ கணக்கு, ஸ்கேன் ஃபைல், எதிலும் கை வைக்காதீர்கள். சாட்சியத்தை அழித்தார் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் சமரசத் தொகை ஏறிவிடும், சில சமயம் பேச்சே நின்றுவிடும்.

4 லட்சம் என்பது அவர்களுடைய முதல் விலை. உண்மையான விற்பனைக் கணக்கை உங்கள் வக்கீல் மூலம் கொடுத்தால் இறங்கி வருவார்கள். அந்த மூன்று செட்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், மறைக்க நினைக்காதீர்கள், ஆர்டர் செய்தவர் அவர்கள் ஆளாகவே இருக்கலாம்.

அவர்கள் அனுப்பிய உறுதிமொழியை அப்படியே கையெழுத்திடுவதுதான் அடுத்த குழி. இப்படிப்பட்ட பத்திரங்களில் 'இந்தப் பெயர் தாங்கிய எந்தப் பொருளையும் இனி வாங்கவோ விற்கவோ மாட்டேன்' என்று ஒரு வாசகம் இருக்கும். அதில் கையெழுத்திட்டால் காசு கொடுத்து வாங்கிய உங்கள் அசல் ஈ-ரீடரையும் அசல் அட்டைகளையும்கூட நாளைக்கு விற்க முடியாது. அசல் பொருளின் மறுவிற்பனைக்கு விலக்கு எழுதி வாங்குங்கள். மீறினால் ஒவ்வொன்றுக்கும் இத்தனை லட்சம் என்று ஒரு ஷரத்து இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் தொகைக்கு உச்சவரம்பு வையுங்கள். கையெழுத்து நாள் வரை நடந்த எல்லா விற்பனைக்கும் சிவில் வழக்கோ கிரிமினல் புகாரோ கிடையாது என்ற வரி பத்திரத்தில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், சிவிலை மட்டும் முடித்துவிட்டு போலீஸ் புகாரைக் கையில் வைத்துக்கொள்வதும் நடக்கிறது.

ஏழு நாளில் எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை. ஈரோட்டிலேயோ கோவையிலேயோ ஒரு வக்கீலைப் பிடித்து, அவகாசம் கேட்டு இரண்டே வரியில் ஒரு இடைக்காலப் பதிலை நாளைக்கே அனுப்பச் சொல்லுங்கள், அதில் வேறு எதுவும் வேண்டாம்.