கடற்கரையிலேயே வளர்ந்த ஒருவர் குளிர்காலத்தில் இமயமலையில் நடக்க முடியுமா?

முடியும். நான் பாம்பனைச் சேர்ந்தவன். எங்கள் தீவிலேயே உயரமான இடமான கந்தமாதன பர்வதம், பெயரில்தான் பர்வதம். உண்மையில் அது ஒரு மணல்மேடு. அதற்கு மேல் ஏறிப் பழகாத நான், சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத்தில் உத்தராகண்டிலுள்ள கேதார்காந்தா சிகரத்தை (ஏறத்தாழ 3,800 மீட்டர்) நோக்கி நடந்தேன். உச்சியைத் தொடவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புறப்படுமுன் நான் அஞ்சியது குளிருக்கு. அங்கே என்னை வருத்தியதோ வியர்வை. சாங்க்ரி கிராமத்திலிருந்து காட்டுக்குள் ஏறிய முதல் நாளில், நல்ல வெயில் அடித்தபோதும் மேலங்கியைக் கழற்றாமல் நடந்ததால், உள்ளே அணிந்திருந்த பருத்தி பனியன் முழுவதும் நனைந்துவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்புக்கு இதம் தரும் அதே பருத்தி, அங்கே ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உடற்சூட்டைப் பறித்துவிடுகிறது. அன்று மாலை விரல்கள் விறைத்து, சட்டைப் பித்தானைக்கூட வழிகாட்டிதான் கழற்றிவிட வேண்டியிருந்தது. ஆகவே கம்பளியிலோ செயற்கை இழையிலோ ஆன உள்ளாடைகளை வாங்குங்கள். வியர்க்கத் தொடங்குமுன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நின்றவுடன் மீண்டும் அணியுங்கள். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் மேற்புறத்திலிருந்தே உறைவதால் வாய்ப்பகுதி அடைபடாது.

பயிற்சிக்கு நான் முதுகுப்பையுடன் தனுஷ்கோடி மணலில் நடந்தேன். கால்களுக்கு அது போதுமானதாக இருந்தது, நுரையீரலுக்கு உதவவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பதால், மெதுவாக ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

காற்று நமக்குப் புதிதன்று. மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் பழைய பாம்பன் பாலத்தில் அந்நாளில் ரயிலை நிறுத்திவைத்ததைச் சிறுவயது முதலே அறிந்தவர்கள் நாம். ஆனால் மார்கழி வாடை நம்மை உறைய வைப்பதில்லை. மலையில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெளியே தெரியும் தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி போல உறைக்கும்.

உச்சிக்கு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். மேட்டின் விளிம்பை அடைந்தபோது, காற்று வாரி இறைத்த பனியில் முன்னே சென்றவரின் காலடித் தடமே மறைந்துபோனது. திரும்பிவிடலாம் என்றார் வழிகாட்டி. பணம் கட்டி வந்திருக்கிறோமே என்று உடன் வந்த இருவர் வாதிட்டனர். வானம் கறுத்தால், பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்க, போன மற்ற வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிராமல் தம் வள்ளத்தைக் கரையேற்றிவிடும் அப்பாவுடன் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு வாதிடத் தோன்றவில்லை. கூடாரத்துக்கு இறங்கிவந்து பார்த்தபோது சிகரம் மேகத்துக்குள் இருந்தது. மாலைவரை அது வெளியே தெரியவில்லை.