மகளைக் கணிய அளவையியல் ஹானர்ஸ் படிக்க விடலாமா? அந்த நான்கு வருடமும் எப்படி இருக்கும்?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்த மகளுக்குப் பெறுபேறு வந்துவிட்டது, போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் பொறியியல் கிடைக்காது போலிருக்கிறது, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கியூஎஸ், அதாவது கணிய அளவையியல் போடலாமா, பெண்பிள்ளைக்கு அது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்து, கொழும்பிலும் கட்டாரிலும் அந்த வேலையைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போடலாம். ஆனால் பொறியியல் கிடைக்காததற்கு ஆறுதலாக நினைத்துக்கொண்டு பிள்ளை அங்கே போகக்கூடாது. இது வேறு படிப்பு. பாலம் நிற்குமா என்று பார்ப்பது பொறியியலாளர் வேலை. அதற்கு எவ்வளவு முடியும், யார் யாருக்கு எப்போது கொடுக்கவேண்டும், இடையில் விலை ஏறினால் அது யார் தலையில் விழும் என்பதெல்லாம் எங்கள் வேலை.

மொறட்டுவையில் இது கட்டடக்கலைப் பீடத்தில் இருக்கிறது. நான்கு வருடம், எல்லாம் ஆங்கிலத்தில். முதல் வருடத்தில் அளவெடுத்தல்தான் எல்லோரையும் உட்கார வைக்கும். வரைபடத்தைப் பார்த்துக் கட்டடத்தை மனதில் பிரித்து, ஒவ்வொன்றையும் அளவுத்தாளில் எழுதவேண்டும். ஒரு சின்ன உதாரணம். வெளிப்பக்க அளவு 10 மீட்டருக்கு 6 மீட்டர், சுவர்த் தடிப்பு 225 மில்லிமீட்டர். சுற்றளவு 32 மீட்டர்தானே என்று அதை அப்படியே அகலத்தால் பெருக்கினால் நாலு மூலையும் இரண்டு தரம் எண்ணப்பட்டுவிடும். அதனால் 4 × 0.225, அதாவது 0.90 மீட்டரைக் கழித்து 31.10 என்று எடுப்போம். இதுதான் சுவரின் நடுக்கோடு. அத்திவாரம் வெட்டுவது, கொங்கிரீட், செங்கல், ஈரத்தடுப்பு என்று கீழே வருகிற பலதும் இந்த ஒரே எண்ணில் தொங்கும். அது பிழைத்தால் விலைப்பட்டியலில் பாதிப் பக்கம் பிழைத்துவிடும். எதைக் கழிப்பது, எதைக் கழிக்காமல் விடுவது என்பதற்கும் விதி உண்டு: இங்கே எஸ்எல்எஸ் 573, பிரித்தானியாவில் என்ஆர்எம் 2, வளைகுடாவில் பல வேலைகளுக்கு போமி. கணக்கு என்று பார்த்தால் பெருக்கல், கழித்தல்தான். பொறுமைதான் பெரிதாக வேண்டும்.

ஆட்கள் எதிர்பார்க்காதது இரண்டாம் பாதி. ஒப்பந்தச் சட்டம், கோரிக்கைகள், பிணக்குத் தீர்வு என்று போகும்போது பாடம் முழுக்க வாசிப்பாகிவிடும். ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியியலாளர் சம்மேளனம் வெளியிட்ட கட்டுமான ஒப்பந்த மாதிரி, 1999 சிவப்புப் புத்தகம், அதில் 20.1 என்று ஒரு சரத்து. ஒப்பந்தக்காரர் மேலதிகக் காலமோ பணமோ கேட்பதென்றால், காரணமான விடயம் தெரியவந்த அல்லது தெரிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுக்கவில்லையா, எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த உரிமை போய்விடும். உழைத்த காசு ஒரு கடிதம் பிந்தியதால் வராமல் போன ஒரு கோப்பு என் மேசைக்கும் வந்திருக்கிறது. கட்டியவர்கள் நல்ல வேலைக்காரர்கள், சைட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு இந்தச் சரத்தை நான் சும்மா பரீட்சைக் கேள்வியாகப் பார்த்ததில்லை.

2022 ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தொட்டது, கம்பி விலை காலையில் ஒன்று மாலையில் ஒன்று. விலைமாற்றத்துக்கு இடம் கொடுக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்த சின்ன ஒப்பந்தக்காரர்கள் திண்டாடிப்போனார்கள். பொருள் விலை ஏறினால் கொடுப்பனவும் ஏறுகிற விலைமாற்றச் சூத்திரம் உள்ள ஒப்பந்தம் வைத்திருந்தவர்களாவது ஓரளவு மூச்சு விட்டார்கள். வகுப்பில் அந்தச் சூத்திரம் வறண்ட பாடம்தான். வெளியே அது பல குடும்பங்களின் சாப்பாடு. இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, பெண்பிள்ளை விடயம். கியூஎஸ் வகுப்பில் பெண்பிள்ளைகள் நிறையவே இருப்பார்கள், அதைப் பற்றி யோசிக்கவேண்டாம். தொழிற்பயிற்சிக் காலத்தில் சைட்டுக்குப் போகத்தான் வேண்டும், வெயிலும் தூசியும் இருக்கும். சைட்டில் கழிப்பறை ஒழுங்காக இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுவைக்கச் சொல்லுங்கள், கேட்க வெட்கப்படவேண்டியதில்லை. அதைவிட முக்கியம் சிங்களம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் மேசன் பாஸிடம் நேற்று எத்தனை சதுரம் பூசினீர்கள் என்று கேட்பது சிங்களத்தில்தான். வடக்கிலிருந்து போகிற பிள்ளைகள் பேச்சுச் சிங்களத்தை முதல் வருடத்திலேயே பிடித்துவிட்டால் பயிற்சிக் காலம் பாதி இலகுவாகிவிடும்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கொழும்பில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டம் தருகிற தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. காசு கட்டுமுன் இரண்டு விடயம் பாருங்கள். ஒன்று, அது ஹானர்ஸ்தானா. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சாதாரண இளமாணி 5 ஆம் மட்டம், 90 கிரெடிட். ஹானர்ஸ் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். அரச வேலைக்கும் மேற்படிப்புக்கும் இந்த வித்தியாசம் வரும். மற்றது, ஆர்ஐசிஎஸ் என்ற பிரித்தானிய அளவையாளர் தொழில் நிறுவனத்தின் அங்கீகாரம். விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதை நம்பவேண்டாம், ஆர்ஐசிஎஸ் தளத்தில் நீங்களே தேடிப்பாருங்கள். எம்ஆர்ஐசிஎஸ், அதாவது அந்த நிறுவனத்தின் அங்கத்துவம் எடுக்கவென்று பின்னால் 3000 சொல்லில் ஒரு கேஸ் ஸ்டடி எழுதி, ஒரு மணி நேர நேர்முகத்தில் உட்காரவேண்டியிருக்கும். அங்கீகாரம் உள்ள பட்டம் இருந்தால் அந்த வழி சுருக்கமாகும். கட்டார், துபாய் வேலை விளம்பரங்கள் பலவற்றில் அந்த அங்கத்துவத்தைக் கேட்பதை நீங்களே பார்க்கலாம்.

பிள்ளைக்குக் கட்டுவதைவிடக் காணி, மதிப்பீடு பக்கம் ஆர்வம் என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுரவில் தோட்ட முகாமைத்துவமும் மதிப்பீடும் என்று தனியாக ஒரு பட்டம் இருக்கிறது. தோட்டம் என்ற பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடவேண்டாம், அது காணி, கட்டடச் சொத்துகளைப் பற்றிய படிப்பு.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு போடுமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு வரைபடத்தை எடுத்துக் கொடுத்து, ஒரு அறைக்கு உள்பூச்சு எத்தனை சதுர மீட்டர் என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம். யன்னலைக் கழிக்கவேண்டுமா, அதன் பக்கவாட்டைக் கூட்டவேண்டுமா என்று அவளாகவே வந்து கேட்டால், யோசிக்காமல் பொறியியலுக்கு அடுத்தபடியாகப் போடுங்கள். பொறியியலுக்கு மேலேயே போடுகிறேன் என்று அவள் சொன்னாலும் தடுக்கவேண்டாம்.