ஓவர்டைம் கூலியை வங்கி எவ்வளவு நம்பும்?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கஞ்சிக்கோட்டில் ஓர் உருக்காலையில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 24,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. ஓவர்டைம் நன்றாகக் கிடைக்கும் மாதங்களில் 33,000 வரை வரும். ஆனால் ஓவர்டைமில் ஒரு பகுதியைத்தான் சம்பளச் சீட்டில் காட்டுகிறார்கள். மீதியை வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். ஊரிலேயே 16 லட்ச ரூபாய்க்கு ஒரு சிறு வீடு விலைக்கு வந்திருக்கிறது. பைக் கடனுக்கு மாதம் 2,100 ரூபாய் கட்டுகிறேன். 33,000 ரூபாயை வருமானமாகக் காட்டி வீட்டுக் கடன் கேட்கலாமா? என் பாஸ்புக் நகலை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. உங்கள் பாஸ்புக்கின் பன்னிரண்டு மாத வரவுகளைக் கூட்டிப் பார்த்தோம். சம்பளத்துக்கு மேல் ஓவர்டைமாகக் கணக்கில் ஏறியிருப்பது மொத்தம் 60,000 ரூபாய். மார்ச் மாதத்தில் 8,400 ரூபாய் வந்திருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆகவே வங்கி அதிகாரியின் கண்ணில் உங்கள் ஓவர்டைம் என்பது மாதச் சராசரி 5,000 ரூபாய்தான். அதையும் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த விதியும் வைக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் கடன் கொள்கைப்படி முடிவு செய்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ சராசரி பார்த்து அதில் பாதியைச் சேர்ப்பவர்களும் உண்டு, அடியோடு ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. ஒரே ஊரில் இரண்டு கிளைகளில் இரண்டு பதில் வருவது இதனால்தான்.

ரொக்கமாக வரும் பகுதியை மறந்துவிடுங்கள். அதைக் கொண்டுபோய் நீங்களே கணக்கில் போட்டாலும் அது பணம் செலுத்தியதாகப் பதிவாகுமே தவிர, சம்பளமாகப் பதிவாகாது. நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்று சொன்ன 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, மூன்று மாதத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது என்று பொதுவான வரம்பும் வைத்தது. சில மாநிலங்கள் பிற்பாடு அதைத் தளர்த்தின. வரம்பைத் தாண்டி வாங்கிய வேலையைச் சீட்டில் எழுதினால் அதுவே சாட்சியாகிவிடும் என்பதால் அது வவுச்சருக்குப் போகிறது. நீங்கள் உழைத்த உழைப்பு உங்களுக்கே சான்றாகாமல் போவது அநியாயம்தான். அந்த அநியாயத்தைக் கடன் மனுவில் வைத்துத் தீர்க்க முடியாது. பி.எஃப். கணக்கைக் காட்டலாமே என்று நினைக்காதீர்கள்: 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி பி.எஃப். பிடித்தத்துக்கான அடிப்படை ஊதியத்தில் ஓவர்டைம் சேராது. அங்கேயும் அது தெரியாது.

இனி கணக்குக்கு வருவோம். உங்களைப் போன்ற வருமானத்துக்கு எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 900 ரூபாய். 24,000 ரூபாயில் பாதி 12,000. அதற்கு 13 லட்சத்துக்குச் சற்று மேல் கிடைக்க வேண்டும். ஆனால் பைக் தவணை 2,100 ரூபாயைக் கழித்தால் 9,900தான் மிஞ்சும். கடன் 11 லட்சமாகச் சுருங்கும். ஓவர்டைம் சராசரியில் பாதியான 2,500 ரூபாயை வங்கி மனமிரங்கிச் சேர்த்தாலும், தவணைக்கு ஒதுங்குவது அதில் பாதியான 1,250 ரூபாய். கடன் கூடுவது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. பைக் கடனை அடைத்தாலோ 2,33,000 ரூபாய் அளவுக்குக் கூடும். எனவே ரொக்கமாக வரும் அந்த ஓவர்டைம் பணத்தை முதலில் பைக்குக்குக் கட்டுங்கள். அடைத்தபின் கடன் முடிந்த சான்றை வாங்கிக்கொண்டு, சிபில் (கடன் வரலாறு) பதிவிலும் அது முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மனுக் கொடுங்கள்.

கையிருப்பும் வேண்டும். 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்க முடியாது. பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் மாட்டார்கள். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வங்கி 90 சதவீதம் முழுவதும் தந்தால்கூட, 16 லட்ச வீட்டுக்கு உங்கள் கையிலிருந்து 3,20,000 ரூபாய் இறங்க வேண்டும். பைக்கை அடைத்தபின் சுமார் 13 லட்சம்தான் கிடைக்கும் என்பதால், உங்கள் கணக்கில் அது நாலேகால் லட்சத்துக்கு மேல் போகும். பொள்ளாச்சிக் கிளையில் கேட்கும் எண்ணம் இருந்தால், மலையாளத்தில் இருக்கும் ஆதாரத்தையும் (பத்திரம்) குடிக்கட சர்ட்டிபிகேட்டையும் (வில்லங்கச் சான்று) பார்க்கத் தெரிந்த வழக்கறிஞர் அவர்களிடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வங்கியே ஓவர்டைமை முழுதாகச் சேர்த்து 14 லட்சம் தர முன்வந்தாலும், 12,600 ரூபாய்த் தவணையை ஜூன், ஜூலையில் 24,000க்குள் கட்ட முடியுமா என்பதை வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். கட்ட முடியும் என்றால் ஓவர்டைமுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. அந்த 14 லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவந்தால், 20 ஆண்டுக் கடன் 13 ஆண்டுக்குள் முடியும். வட்டியில் ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய் மிச்சமாகும். கூடுதலாகக் கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வாளையாரில் இருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் வேறு கம்பெனிக்கு மாறினேன். பழைய இடத்தில் வாங்கிய ஓவர்டைமைச் சேர்ப்பார்களா?

பதில்: பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். பழைய கம்பெனியின் அனுபவச் சான்று உங்கள் மொத்தப் பணிக்காலத்தைக் காட்ட உதவும். ஓவர்டைமைப் பொறுத்தவரை இப்போதைய முதலாளி கொடுப்பதைத்தான் பார்ப்பார்கள். குறைந்தது ஆறு சம்பளச் சீட்டுகள் சேரட்டும். அவற்றில் ஓவர்டைம் தனி வரியாக, மணிக்கணக்கோடு அச்சாகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். ‘இதர வரவு’ என்று மொத்தமாக வந்தால் இப்போதே அலுவலகத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.